தொகை தெரிந்த பிறகு கையெழுத்து

(தேசூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கித் திருத்திய அச்சு வடிவம்)



மருத்துவம் பற்றிப் பேச வேண்டும் என்று அறக்கட்டளையார் கேட்டுக்கொண்டார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முதுகுவலி என்று ஏதாவது சொல்வேன் என நினைத்து வந்திருந்தால் மன்னியுங்கள். நான் டாக்டர் அல்ல. சுகாதாரச் சட்டமும் அதன் பொருளாதாரமும் கற்பிக்கிறவன். இன்று நான் பேசப்போவது ஆஸ்பத்திரி பில்லைப் பற்றி. நோய் வந்த வீட்டில் அதிகம் பேசப்படுவது அதுதான். கருத்தரங்குகளில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

என் கருத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். கட்டணத்தைச் சொல்வது என்பது சிகிச்சைக்குச் சம்மதம் கேட்பதில் அடங்கிய ஒரு கடமை. ஆகவே சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கும் முன்பே அது வர வேண்டும். எழுத்தில் வர வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் வர வேண்டும். சிகிச்சை முடிந்த பிறகு சொல்லப்படும் தொகையைத் தகவல் என்று நான் ஏற்க மாட்டேன். அது வசூல்.

இந்த நெசவு வட்டாரத்தில் இதை விளக்க நான் சிரமப்பட வேண்டியதில்லை. கூலிக்கு நெய்பவரிடம் பாவும் ஊடையும் கொடுக்கும்போதே பட்டை நிறுத்துக் கொடுக்கிறார்கள். ஜரிகை எவ்வளவு, கரை எப்படி, முந்தானையில் என்ன வேலை, சேலைக்கு என்ன கூலி என்று பேசி முடித்துத்தான் பாவு தறியேறுகிறது. சேலையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது மறுபடியும் எடை. கூலி போதவில்லை என்ற சண்டை என்றும் உண்டு. ஆனால் கூலி என்னவென்றே தெரியாமல் யாரும் தறியில் உட்காருவதில்லை. அதே ஆள்தான் ஆஸ்பத்திரியில் “எவ்ளோ ஆவும் சார்?” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். “பார்த்துக்கலாம், முதல்ல அட்மிட் பண்ணுங்க” என்ற பதிலோடு, தொகையே எழுதாத காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

1. விதி ஏற்கெனவே இருக்கிறது

புதிதாக எதையோ கேட்கிறோம் என்று நினைக்க வேண்டாம். இந்திய மருத்துவக் குழுமம் 2002-ல் வெளியிட்ட தொழில் ஒழுக்க விதிகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்தன, அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன, பழையவை திரும்பின. அந்த 2002 விதிகளின் 1.8-ஆம் பிரிவு, மருத்துவர் தம் கட்டணத்தைச் சேவைக்கு முன்பே அறிவிக்க வேண்டும், அறுவையோ சிகிச்சையோ தொடங்கிய பிறகு அல்ல என்கிறது. 3.7.1-ஆம் பிரிவு, தம் கட்டணத்தையும் பிற செலவுகளையும் மருத்துவர் தம் அறையிலோ தாம் சென்று பார்க்கும் மருத்துவமனையிலோ பலகையில் தெளிவாக எழுதி வைக்க வேண்டும் என்கிறது.

உங்களில் எத்தனை பேர் அப்படியொரு பலகையைப் பார்த்திருக்கிறீர்கள்? (அவையில் சிரிப்பு.) பதில் கிடைத்துவிட்டது.

ஏன் இல்லை? இந்த விதி தனி மருத்துவரைக் கட்டுப்படுத்துகிறது. மருத்துவமனை என்ற நிறுவனத்தைக் கட்டுப்படுத்தவில்லை. இன்றைய பில்லில் டாக்டர் கட்டணம் ஒரு வரிதான். அறை வாடகை, தியேட்டர், மயக்க மருந்து, லேப், ஸ்கேன், மருந்து, நர்சிங் என்று மற்ற வரிகள் எல்லாம் நிறுவனத்துடையவை. 2002 விதியின் கை அங்கே எட்டாது.

2. நிறுவனத்தைக் கட்டும் சட்டம்

அந்தக் குறையை நிரப்பத்தான் 2010-ல் மத்திய அரசு மருத்துவ நிறுவனங்கள் பதிவு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதன்கீழ் 2012-ல் வந்த விதிகளில் 9-ஆவது விதி, ஒவ்வொரு சேவைக்கும் வாங்கும் கட்டணத்தை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்கச் சொல்கிறது. சுகாதாரம் மாநிலப் பொருள். எனவே இந்தச் சட்டம் அதை ஏற்ற மாநிலங்களில்தான் செல்லும். தமிழ்நாடு ஏற்கவில்லை. நமக்கு நம்முடைய 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. சட்டம் 1997-ல், அதற்கான விதிகள் 2018-ல். இருபத்தோரு ஆண்டுகள் அது விதியில்லாத சட்டமாகவே கிடந்தது.

பக்கத்து மாநிலம் என்ன செய்தது என்று பாருங்கள். கேரளம் 2018-ல் தன் சொந்தச் சட்டத்தில் கட்டணத்தை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைக்க வேண்டும் என்றது. மருத்துவர் சங்கமும் தனியார் மருத்துவமனைகளும் வழக்குத் தொடுத்தன. முன்கூட்டியே கட்டணம் சொல்வது நடக்காத காரியம் என்பது அவர்கள் வாதங்களில் ஒன்று. 2025-ல் கேரள உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் சட்டம் செல்லும் என்றது.

உச்ச நீதிமன்றத்திலும் இந்தக் கட்டணப் பேச்சு வந்தது. 2024 பிப்ரவரியில், மத்திய விதிகளின் அதே 9-ஆவது விதி சொல்லும் கட்டண வரம்பை ஏன் இன்னும் நிர்ணயிக்கவில்லை என்று மத்திய அரசை நீதிமன்றம் கடிந்துகொண்டது. கண்புரை அறுவைக்கு அரசு மருத்துவமனையில் ஒரு தொகையும், தனியாரிடம் அதைப் போல் பல மடங்கும் ஆவதை எடுத்துக்காட்டி, மாநிலங்களோடு பேசி முடிவுக்கு வரச் சொன்னது. இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. வரம்பு வைப்பது வேறு, முன்கூட்டிச் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால், வரம்பு பற்றிய சண்டை முடியும் வரை சொல்லும் கடமையும் சேர்ந்து தூங்குகிறது. என்ன விலை வைப்பது என்பதில் அரசும் மருத்துவமனைகளும் எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் வாதாடட்டும். வைத்திருக்கும் விலையைச் சொல்ல எந்த ஆணையத்தின் கணக்கும் தேவையில்லை.

தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனத்தில் 17 உரிமைகள் இருந்தன. கட்டணத்தில் ஒளிவுமறைவின்மை அவற்றில் ஒன்று. மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது, எங்கே செய்துகொள்வது என்று நோயாளியே தேர்வது இன்னொன்று. 2019 ஜூனில் மத்திய சுகாதார அமைச்சகம் இதை மாநிலங்களுக்கு அனுப்பியது. சாசனம் அழகானது. மீறினால் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை.

3. “முன்னாடியே எப்படிச் சொல்ல முடியும்?”

மருத்துவர்கள் சொல்லும் முக்கியமான மறுப்பு இது. இதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு எப்படிப் போகும் என்று யாருக்கும் தெரியாது. வயிற்றைத் திறந்த பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். கென்னத் ஆரோ என்ற பொருளியலறிஞர் 1963-லேயே, மருத்துவச் சந்தை மற்ற சந்தைகளைப் போல நடக்காததற்கு இந்த நிச்சயமின்மையே காரணம் என்று எழுதினார். ஆனால் அவர் இன்னொன்றையும் காட்டினார்: விற்பவருக்குத் தெரிந்த அளவு வாங்குபவருக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் நம்பிக்கை தேவைப்படுகிறது. நிச்சயமின்மையைக் காரணம் காட்டுவோர் இந்த இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

சரி, முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பது உண்மையா? ஒரே கட்டடத்தில் இரண்டு கவுண்டர்களைப் பாருங்கள். ஒன்று முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டக் கவுண்டர். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் இப்பெயர் பெற்ற இத்திட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகுப்புக் கட்டணம் உண்டு. பித்தப்பை அறுவைக்கு இவ்வளவு, இடுப்பு மூட்டு மாற்றுக்கு இவ்வளவு. அந்தத் தொகைக்கு முன் அனுமதி வாங்கித்தான் நோயாளியை உள்ளே எடுக்கிறார்கள். பக்கத்துக் கவுண்டரில் காப்பீட்டு அட்டை இல்லாத நோயாளி அதே அறுவைக்கு என்ன ஆகும் என்று கேட்டால், “நோயைப் பொறுத்தது” என்கிறார்கள். அறுவை ஒன்று, கத்தி ஒன்று, டாக்டரும் ஒருவரே. காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. கைக்காசு கட்டுகிறவருக்குத்தான் முடியவில்லை. நிறுவனம் எழுத்தில் கேட்கிறது, அதனால் பதிலும் எழுத்தில் கிடைக்கிறது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளில் அதிகம் பேர் ஆஸ்பத்திரியில் படுப்பது இதற்குத்தான். ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அப்படியானால் சிசேரியன் எதிர்பாராத விஷயமா? வளைகாப்புக்கு முன்பே, சுகப்பிரசவம் என்றால் இவ்வளவு, ஆபரேஷன் என்றால் இவ்வளவு, குழந்தையை இன்குபேட்டரில் வைக்க வேண்டி வந்தால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று மூன்று எண்களை எழுதிக் கொடுக்க எந்த மகப்பேறு மருத்துவமனைக்கும் முடியும். மூன்றில் எது நடக்கும் என்பதுதான் தெரியாது. மூன்றின் விலையும் தெரியும். சீட்டு, வங்கிச் சேமிப்பு, மாமியார் வீட்டு உதவி என்று எதை எங்கிருந்து எடுப்பது என்று குடும்பம் திட்டமிட அது போதும்.

அரசு நினைத்தால் விலை சொல்ல முடியும் என்பதைக் கொரோனா காட்டியது. 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு தனியார் மருத்துவமனைகளைத் தரம் பிரித்து, லேசான அறிகுறியுள்ளவர்களுக்குப் பொது வார்டில் நாளொன்றுக்கு 5,000 அல்லது 7,500 ரூபாய், தீவிர சிகிச்சைப் பிரிவில் 15,000 ரூபாய் வரை என்று ஆணையிட்டது. உலகத்துக்கே புதிதான, எப்படிப் போகும் என்று யாருக்குமே தெரியாத நோய் அது. அதற்கே நாள் கணக்கில் விலை சொல்ல முடிந்தது. அந்த ஆணைக்கு மேல் வாங்கியவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேலே வாங்குகிறார்கள் என்று சொல்லவாவது ஓர் எண் கையில் இருந்தது.

நல்ல முன்மாதிரிக்குக் கடல் தாண்டிப் போக வேண்டாம். 1976-ல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் கட்டணப் பிரிவும் உண்டு, இலவசப் பிரிவும் உண்டு. எதில் சேர்வது என்பது நோயாளியின் முடிவு. லென்சுக்கு லென்ஸ் விலை வேறு. அது அறுவைக்கு முன்பே தெரியும். விலையைச் சொன்னதால் அந்த நிறுவனம் நொடித்துப்போகவில்லை.

4. பலகை மட்டும் போதாது

பலகை வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவில் 2021 ஜனவரி முதல் எல்லா மருத்துவமனைகளும் தம் விலைகளை வெளியிட வேண்டும் என்று விதி வந்தது. பல மருத்துவமனைகள் கணினிக்கு மட்டுமே புரியும் மாபெரும் கோப்புகளாக வெளியிட்டன. விதியைக் கடைப்பிடித்தாயிற்று, நோயாளிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. காப்பீடு இல்லாமல் சொந்தக் காசில் சிகிச்சை பெறுகிறவருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். கடைசி பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால் அவர் முறையிடலாம். முதல் விதியைவிட இரண்டாவதே எனக்குப் பிடித்தது. அது இந்த நோயாளிக்கு, இந்தச் சிகிச்சைக்கு, இத்தனை என்று பேசுகிறது.

ஒரு பொருளின் விலை தெரிவதும் போதாது. 2017 பிப்ரவரியில் மருந்து விலை நிர்ணய ஆணையம் இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்தது. அதுவரை லட்சத்தைத் தாண்டி விற்ற, மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் ஸ்டென்ட்டின் விலை தெரிந்தவருக்கும் ஆஞ்சியோபிளாஸ்டிக்கு மொத்தம் எவ்வளவு ஆகும் என்று தெரியாது. அதே ஆணையம் 2018-ல் தில்லி வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றின் பில்களை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. ஊசிக்குழல், கையுறை, குழாய் போன்ற சில்லறைச் சாமான்கள். அட்டையில் அச்சிட்ட விலையைத் தாண்டி வாங்கவில்லை என்பது உண்மைதான். அச்சிட்ட விலையே வானத்தில் இருந்தது. மருத்துவமனைக்குள் இருக்கும் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்று நிர்பந்திப்பதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கில், 2025 மார்ச்சில் நீதிமன்றம் தானாக உத்தரவு போடாமல், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது. பந்து இப்போது சென்னையில் இருக்கிறது.

இந்த வட்டாரத்துக் குடும்பம் ஒன்று காட்டிய சீட்டை ஒருமுறை பார்த்தேன். மருந்துச் சீட்டுத் தாளின் பின்பக்கம். பித்தப்பைக் கல் அறுவை. “தோராயம் 65” என்று பால்பாயிண்ட் பேனாவில் எழுதி அடியில் ஒரு கோடு. ஆயிரமா, அதில் மருந்து சேர்த்தியா, எத்தனை நாள் அறை வாடகை, ஒன்றும் இல்லை. எழுதியவர் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. கடைசி பில் லட்சத்தைத் தாண்டியது. அதில் “கன்ஸ்யூமபிள்ஸ்” என்று ஒரே வரியில் பெரும் தொகை. அது என்னவென்று கேட்டதற்கு, “அது பேக்கேஜ்ல வராதும்மா” என்றார்களாம். 65-ஐக் காட்டியபோது, “அது தோராயம்தானே?” என்றார்களாம். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எந்த நுகர்வோர் ஆணையத்திலும் வாதாட முடியாது. அப்படி எழுதப்பட்டதே அதற்காகத்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதன் பயன் அதுதான்.

5. சம்மதமும் செலவும்

2008-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பு வழங்கியது. பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்த பெண் மயக்கத்தில் இருக்கும்போது, அவருடைய கருப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. வெளியே இருந்த தாயிடம் கேட்டுத்தான் செய்தோம் என்றார் மருத்துவர். அது சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். சம்மதம் செல்ல வேண்டுமானால் என்ன செய்யப்போகிறோம், மாற்று வழி என்ன, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்றது. அந்தப் பட்டியலில் செலவு இல்லை.

செலவும் அதில் சேர வேண்டும் என்பதே என் வாதம். இந்தியாவில் மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைக்காசிலிருந்து கொடுப்பது 2013-14-ல் 64.2 சதவீதமாக இருந்து 2021-22-ல் 39.4 ஆகக் குறைந்திருக்கிறது. குறைந்தும் இன்னும் ஐந்தில் இரண்டு பங்கு. அப்படிக் கொடுக்கும் நாட்டில் செலவும் ஒரு பக்கவிளைவுதான். நெசவாளர்களுக்கு 2005-லிருந்து மத்திய அரசு நடத்திய காப்பீட்டுத் திட்டம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய். அந்தத் தொகை எங்கே தீரும் என்று முன்பே தெரிந்திருந்தால்தானே, மீதிக்கு நகையை வைப்பதா, அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று யோசிக்க முடியும்? ஆரணி, வந்தவாசி, திருவண்ணாமலை அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன, வேலூர் இருக்கிறது. தேர்வு இல்லாமல் இல்லை. தேர்வு செய்யும் நேரத்தில் எண் இல்லை, அவ்வளவுதான்.

சிறு ஊர் டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களில் பலர் நியாயமாக வாங்குகிறீர்கள், ஆனால் கட்டணத்தை வாய்ச்சொல்லாகவே சொல்கிறீர்கள். எழுதிக் கொடுத்தால் பேரம் பேசுவார்கள், பக்கத்து நர்சிங் ஹோமோடு ஒப்பிடுவார்கள் என்று பயம். மருத்துவமனைகளைத் தாக்குவோரைத் தண்டிக்கத் தமிழ்நாடு 2008-லேயே சட்டம் போட்டது, தேவையான சட்டம்தான். ஆனால் தகராறுகளில் ஒரு பகுதி டிஸ்சார்ஜ் அன்று பில் கையில் வரும்போது வெடிக்கிறது. முதல் நாளே எண்ணைச் சொன்ன டாக்டருக்கு அந்தச் சண்டை வராது.

6. சீட்டில் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும், தமிழில். சிகிச்சையின் பெயர், எத்தனை நாள் தங்க வேண்டியிருக்கும், அறை வாடகை நாளொன்றுக்கு, டாக்டர், மயக்க மருந்து, தியேட்டர் கட்டணங்கள் தனித்தனியே, மருந்தும் சில்லறைச் சாமானும் எவ்வளவு வரை, வெளியே வாங்கலாமா, சிக்கல் வந்தால் கூடுதல் எவ்வளவு வரை போகலாம், மொத்தம் எந்த எல்லையைத் தாண்டினால் மறுபடி உங்களைக் கேட்பார்கள். எழுதியவர் பெயர், கையெழுத்து, தேதி. எல்லை தாண்டும்போது மறுபடி கேட்பதுதான் இதில் உயிர்நாடி. மற்றவை விட்டுப்போனாலும் அது போகக்கூடாது.

அவசரத்தில் இது எதுவும் வேண்டாம். விபத்து, நெஞ்சுவலி, பாம்புக்கடி என்றால் முதலில் உயிர். அரசோ தனியாரோ முதலுதவியை மறுக்கக்கூடாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாலை விபத்தென்றால் 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், அதில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். ஆபத்து நீங்கிய பிறகு சீட்டு வரட்டும். பணம் கட்டவில்லை என்று நோயாளியையோ உடலையோ பிடித்து வைக்கக்கூடாது என்பதும் சாசனத்தில் இருக்கிறது.

கேட்டும் தரவில்லையா? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சேவையின் விலையை அறிவது நுகர்வோர் உரிமை என்கிறது; பில் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. காசு வாங்கிச் செய்யும் மருத்துவம் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு உண்டு. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் பாருங்கள். மருத்துவமனைப் பதிவு பற்றிய முறையீட்டை மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். எல்லாவற்றுக்கும் கையில் காகிதம் வேண்டும். “சொன்னாங்க” என்பது செல்லாது.

நான் சொன்ன சீட்டின் மாதிரிப் படிவத்தை அச்சடித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டுக்கு, இன்னொன்று நீங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கு.